விரல் நுனியில் ஆறு மாதம்

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பத்து நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில் இன்று உருவாகும் நகம் நுனிக்கு வந்து நீங்கள் வெட்டிப் போடுவதற்கு ஆறு மாதமாகும். கால் பெருவிரலுக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். மருதாணி வைத்துக்கொள்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். உள்ளங்கைச் சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் பிடித்த சிவப்பு மட்டும் அடியில் இடம் விட்டுக்கொண்டே மேலே நகரும். தீபாவளிக்கு வைத்த மருதாணி சித்திரையில்தான் முழுசாக வெட்டுப்படும்.

அந்த ஆறு மாதத்தில் உடம்பில் நடந்ததில் சில விஷயங்கள் வேரில் பதிந்து வெளியே வருகின்றன. கடும் காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, நுரையீரல் நோய் என்று பட்டியல் நீளம். ரத்தப் பரிசோதனை இன்றைய நிலையைச் சொல்லும். நகமோ சென்ற தையிலும் மாசியிலும் நடந்ததைச் சொல்லும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே கையை நீட்டச் சொல்கிறார்கள்.

வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை 35 வருஷம் விடாமல் அளந்து எழுதி, 1980-ல் வெளியிட்டார். அவருடைய 32-வது வயதில் ஒரு நாளைக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67-வது வயதில் 0.095 மி.மீ. மட்டுமே வளர்ந்தது. வயதானால் நகம் மெதுவாக வளரும், கொஞ்சம் மங்கும், கொஞ்சம் வறளும். இது இயற்கை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நாற்பதைத் தாண்டியவர்கள் எந்த மாற்றத்தைக் கண்டாலும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்ற பேச்சில் மறைந்துபோகும் ரத்தசோகையும் தைராய்டும் நம் வீடுகளில் ஏராளம்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வியை முதலில் பழகிக்கொள்ளுங்கள்: மாறியிருப்பது ஒரு நகமா, எல்லா நகமுமா? எல்லாம் ஒன்றுபோல மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் அந்த விரலிலேயே இருக்கிறது: அடி, பூஞ்சை, கட்டி. இரண்டாவது வகையை லேசாக நினைத்துவிடக் கூடாது. மிக ஆபத்தான ஒன்றும் அதில்தான் அடங்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கவலைப்பட வேண்டாதவை

வேரிலிருந்து நுனிவரை நெடுக ஓடும் மெல்லிய வரிகள் நாற்பதுக்கு மேல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஆழமும் கூடும். நகம் நுனியில் பிளக்காமலும் மெலியாமலும் இருந்தால் விட்டுவிடலாம்.

வெள்ளைப் புள்ளிகள் இன்னொன்று. வானத்தில் கொக்குக் கூட்டம் போகும்போது நகங்களைத் தேய்த்துக்கொண்டே பூப் போடச் சொல்லிக் கத்திய தலைமுறை நாம். பெரியவர்களானதும் அதே புள்ளியைக் காட்டி “சுண்ணாம்புச் சத்து குறைவு” என்கிறோம். நகத்தில் சுண்ணாம்பு மிகமிகக் கொஞ்சம். அதைக் கெட்டியாக்குவது கெரட்டின் என்ற புரதமும் அதிலுள்ள கந்தகப் பிணைப்புகளும்தான். வேர்ப்பகுதியில் எப்போதோ பட்ட சின்ன அடி, நகத்தைக் கடிப்பது, அழகு நிலையத்தில் நகத்தடித் தோலை அழுத்தித் தள்ளுவது ஆகியவையே இந்தப் புள்ளிகளின் வழக்கமான காரணம். இதற்காகக் கால்சியம் மாத்திரை வாங்குவது வீண்.

தலைக்கு டை அடிக்கிறவர்களின் நகம் கறுப்பதையும் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களின் நகம் மஞ்சளாவதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஏறிய கறை மேலாகச் சுரண்டினால் உதிரும், இல்லையென்றால் மருதாணி போல வளர்ந்து நகர்ந்துபோகும்.

எல்லா நகமும் சேர்ந்து மாறினால்

முதலில் இரும்புச்சத்து. நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களில் போக்கு ஒழுங்கு தப்பும்; சிலருக்குக் கட்டிகட்டியாகப் பத்து நாள் போகும். “நிக்கிற நேரம், அப்படித்தான்” என்று அம்மாவும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். அதற்குள் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாகிவிடும்.

நகம் முதலில் வெளிறும், மெலியும், எளிதில் மடங்கும். பிறகு நடுவில் தட்டையாகும். கடைசியில் ஓரம் தூக்கி நடு குழிந்து கரண்டிபோல ஆகும். வீட்டிலேயே பார்க்கலாம்: கையை மேஜைமேல் சமமாக வைத்து, நகத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண நகம் குவிந்திருப்பதால் சொட்டு பக்கவாட்டில் வழியும். குழிந்த நகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆட்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒன்றைக் கவனமாக மனதில் வையுங்கள்: ரத்தசோகை உள்ள பெரும்பாலோருக்கு நகம் இந்த அளவுக்குக் குழிவதில்லை. சொட்டு வழிந்துவிட்டது என்பதால் இரும்புச்சத்து போதுமானதாக இருக்கிறது என்று ஆகாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, பச்சரிசியோ சாம்பலோ தின்னத் தோன்றுகிறது என்றால், நகம் எப்படி இருந்தாலும் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும் ஆண்களுக்கு 13-க்குக் கீழும் போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாகவே இருந்து ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பதும் உண்டு. அது கையிருப்பு தீர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தாலும் வெறும் வயிற்றில் எடுத்தாலும், டீ, காபியிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் தேவைப்படும். நகம் நேராவதற்கு ஆறு மாதம்.

இன்னொரு எச்சரிக்கை ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும். உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் மாத்திரை போட்டு அதோடு முடித்துவிடாதீர்கள். ரத்தம் எங்கோ கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். வயிற்றுப்புண், வலிமாத்திரையால் வந்த அரிப்பு, குடல் புற்றுநோய் எல்லாமே இப்படி ஓசையில்லாமல் ஆரம்பிக்கலாம். “மூலம் இருக்கு, அதனாலதான்” என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்தது குறுக்குப் பள்ளம். நகத்தின் அகலத்துக்கு, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். 1846-ல் இதை விவரித்தவர் ஜோசப் போ என்ற பிரெஞ்சு மருத்துவர். டெங்கு, டைஃபாய்டு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை என்று உடம்பு கடுமையாகப் போராடிய நாட்களில் வேர் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி பள்ளமாக வெளியே வருகிறது. தோல் விளிம்பிலிருந்து பள்ளம்வரை ஸ்கேலால் அளந்து, ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து நாள் என்று பெருக்கி, வேர் தோலுக்குள் இருப்பதால் இன்னும் சில வாரம் கூட்டினால் நோய் வந்த காலம் தோராயமாகக் கிடைத்துவிடும். பள்ளம் 6 மி.மீ. தள்ளி இருந்தால் மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள். காரணம் நினைவுக்கு வந்துவிட்டால் செய்ய வேண்டியது எதுவுமில்லை, வளர்ந்து போய்விடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு விழலாம். கட்டைவிரலில் மட்டும் படிப்படியாகப் பல பள்ளங்கள் இருந்தால் அது வேறு: யோசனையிலோ பதற்றத்திலோ ஆட்காட்டி விரலால் கட்டைவிரலின் நகத்தடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம். தேய்ப்பதை நிறுத்தினால் நகம் சரியாகும்.

மூன்றாவது, விரல்நுனி உருண்டு வீங்கி நகம் கிளிமூக்குபோல வளைவது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஹிப்போகிரேட்டஸ் கவனித்த அறிகுறி இது. வலி இருக்காது, மெல்ல மெல்ல வரும். அதனால் உடையவருக்கே தெரியாது. தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ரோத், தனக்கே இதயத்தின் உட்சவ்வில் தொற்று வந்தபோது தன் விரல்கள் மாறியதைக் கவனித்து 1976-ல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் சோதனையை இப்போதே செய்து பாருங்கள். இரண்டு கை ஆட்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டுகிறமாதிரி முதுகுப்புறமாகச் சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நகங்களின் அடிப்பகுதியில் வைரக்கல் வடிவத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அந்த ஜன்னல் அடைபட்டிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் தழும்பேறுதல், நாள்பட்ட சீழ்த்தொற்று, இதயத் தொற்று, கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி என்று காரணங்கள் பல. பிறவியிலேயே இப்படி இருக்கும் குடும்பங்களும் உண்டு. அப்பா, அண்ணன் விரல்களையும் பாருங்கள். புகை பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையால் வரும் நாள்பட்ட மூச்சிறைப்பு நோய் மட்டும் விரலை இப்படி ஆக்குவதில்லை. மூச்சிறைப்போடு விரலும் உருண்டிருந்தால் வேறு ஏதோ கூடச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மார்பு எக்ஸ்ரே அன்றே எடுக்க வேண்டும்.

தைராய்டு குறைந்தால் நகம் வறண்டு, தடித்து, நொறுங்கி, மெதுவாக வளரும். கூடினால் நகம் நுனியிலிருந்து சதையை விட்டுப் பிரிந்து அடியில் வெள்ளையாகத் தெரியும், அழுக்கு அடையும். உடம்பு எடை, உறக்கம், மலச்சிக்கல், படபடப்பு இவற்றில் ஏதாவது ஒன்றும் சேர்ந்து மாறியிருந்தால் டி.எஸ்.ஹெச். பரிசோதனை போதும், தெரிந்துவிடும். நகம் நுனியில் ஏடு ஏடாகப் பிளப்பதற்கு மட்டும் நோயைத் தேட வேண்டாம். பாத்திரம் துலக்கி, துணி அலசி, நாளுக்கு இருபது தடவை நனைந்து காய்வதே அதற்குக் காரணம். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை, இரவில் நகத்தடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ போதும்.

நகம் முழுக்கத் தையல் ஊசியால் குத்தியதுபோல சிறு குழிகள் இருந்தால் சோரியாசிஸ் நினைவுக்கு வர வேண்டும். தலையில் பொடுகு போன்ற செதில், முழங்கையில் படை, காலையில் விரல் மூட்டு விறைப்பு இவை கூட இருந்தால் தோல் மருத்துவரிடம் மூட்டுவலியையும் மறக்காமல் சொல்லுங்கள். நகத்தில் சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். நகம் ஏறக்குறைய முழுவதும் வெளுத்து நுனியில் மட்டும் பழுப்புப் பட்டை தெரிவது கல்லீரல், இதய நோய்களிலும் சர்க்கரையிலும் வரும், வெறும் முதுமையிலும் வரும். கீழ்ப்பாதி வெள்ளை, மேல்பாதி பழுப்பு என்று கோடு போட்டதுபோலப் பிரிந்தால் சிறுநீரகத்தைப் பரிசோதியுங்கள்.

ஒரே ஒரு நகம்

பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1981 மே மாதம், 36 வயதில் அவர் இறந்தபோது நோய் மூளைவரை பரவியிருந்தது. கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கை நம்மிடமும் இருக்கிறது. வெயிலால் வரும் வகை நமக்குக் குறைவு என்பது உண்மை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பு கிடையாது.

அதே நேரம், நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு நகத்தில் நெடுக்காகப் பழுப்புக் கோடு இருப்பது சர்வ சாதாரணம். பல நகங்களில், பல வருஷமாக, ஒரே அகலத்தில் இருந்தால் அது நம் நிறத்தின் பங்கு. கவனிக்க வேண்டியது இப்படிப்பட்டதை: ஒரே நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நாற்பதுக்கு மேல் புதிதாக ஒரு கறுப்புக் கோடு. 3 மி.மீ.-க்கு மேல் அகலம். நுனியைவிட வேர்ப்பக்கம் அகலமாக இருப்பது, அதாவது இன்னும் விரிந்துகொண்டிருப்பது. ஒரே கோட்டில் பல நிறங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் பக்கத்துத் தோலிலும் கசிந்திருப்பது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டிய அடையாளம் இது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரை அந்த வாரமே பாருங்கள். தேவையானால் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் உயிர் மட்டுமல்ல, விரலும் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கதவிடுக்கில் விரல் நசுங்கி ரத்தம் கட்டினாலும் நகம் கறுக்கும். அடிபட்டதே நினைவில்லாமலும் போகலாம், குறிப்பாக இறுக்கமான ஷூ போட்டு நடக்கிறவர்களுக்கு. செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். ரத்தக்கட்டு நகத்தோடு மேலே நகரும், அடியில் சுத்தமான நகம் வரும். ஒன்றரை, இரண்டு மாதம் ஆகியும் அடியில் வெளுக்கவில்லை என்றால் அது ரத்தக்கட்டு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு ஒன்றுமே தெரியாமல் வலிக்கிற நகமும் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பட்டால் உயிர் போகிற வலி, நகத்தில் ஒரே ஒரு புள்ளியில் பேனா முனையால் தொட்டால் துடிக்கிற வலி, லேசான நீலமோ சிவப்போ. இது குளோமஸ் கட்டி, புற்று இல்லை. நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வரும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாததால் நரம்புவலி, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று வருஷக்கணக்கில் அலைய விட்டுவிடும். “குளிர்ந்த தண்ணீர் பட்டால்” என்ற விவரத்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அதுவே பாதி நோயறிதல். சிறு அறுவை சிகிச்சையில் போய்விடும்.

விரல் கடைசி மூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு நகத்தடியை ஒட்டி ஜவ்வரிசி அளவில் பளபளப்பான ஒரு குமிழும், அதன் நேரே நகத்தில் ஒரு நீளப் பள்ளமும் வரலாம். ஊசியால் குத்தி உடைக்காதீர்கள். அது மூட்டோடு தொடர்புள்ளது, கிருமி நேரே மூட்டுக்குள் போகும்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் மாட்டிக்கொள்வது நம் வழக்கம். குளிர்ச்சி சுகமாக இருக்கும். ஆனால் விண்விண்ணென்று தெறிக்கிறது, சீழ் தெரிகிறது என்றால் அதைக் கீறி எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது. வருஷத்தில் பல தடவை நகச்சுத்தி வருகிறது என்றால் சர்க்கரையை ஒருமுறை பாருங்கள். இதுவரை சர்க்கரை இல்லை என்று நினைத்திருந்தாலும் பாருங்கள். கால் நகம் மஞ்சளாகித் தடித்து சொத்தையானால் பூஞ்சையாக இருக்கலாம். சோரியாசிஸும் அப்படியே தோன்றும் என்பதால், நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம். டெர்பினாஃபின் மாத்திரை கைநகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. மாத்திரை முடிந்த பிறகும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும்; நல்ல நகம் வளர்ந்து வர ஒரு வருஷமாகும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பயோட்டினும் மருத்துவரும்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று பயோட்டின் இருக்கிறது. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். இந்த அதிக அளவு ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு இயல்பாக இருப்பவருக்குக் கூடுதல் என்று காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. நடுவயதில் மாரடைப்புச் சோதனை தப்பாகிவிடுவது சின்ன விஷயம் இல்லை. எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தம் கொடுக்கும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும் முந்தின நாளே நகப்பூச்சை அழித்துவிடுங்கள். அந்த வாரம் மருதாணி வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வையுங்கள். தேதியோடு எடுத்த படங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாதவிடாய் மாற்றம் ஆகியவை குறித்த ஒரு சீட்டு கையில் இருக்கட்டும். கால் நகங்களையும் காட்டுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.